முதல் காரைப் பின் சீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள்

போன வாரம் எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் கேட்டார்: "ஏழு லட்சத்துக்குள்ள ஒரு கார் சொல்லுங்க டீச்சர். வீட்ல அஞ்சு பேரும் போற மாதிரி இருக்கணும்." பெல் அடித்துவிட்டதால் பாதியிலேயே எழுந்து போக வேண்டியதாகிவிட்டது. இதே கேள்வியோடு வேலூரில் இன்னும் பல பேர் ஷோரூம் ஷோரூமாக அலைந்துகொண்டிருப்பார்கள். அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

நாங்களும் ஐந்து பேர்தான். நான், இவர், நான்காவது படிக்கும் மகள், நான்கு வயது மகன், அப்புறம் அத்தை. அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். வாக்கர் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார். ஒரே ஒரு ஸ்கூட்டியை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டினோம். அத்தையை சி.எம்.சி.க்கு அழைத்துப் போக ஆட்டோ, கல்யாணம் காட்சி என்றால் வாடகை வண்டி. போன ஐப்பசியில்தான் முதல் கார் வாங்கினோம்.

அதற்கு முன் இரண்டு மாதம் சுற்றியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். குடும்பத்துக்கு வாங்குகிற முதல் காரை, ஓட்டப்போகிறவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. பின் சீட்டில் உட்காரப்போகிறவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் போன ஷோரூமில் நடந்ததைச் சொல்கிறேன். விலை குறைவான, தாழ்வான ஒரு சின்ன கார். விற்பனைக்கு இருந்த தம்பி என்னை முன்னால் உட்கார வைத்து டச் ஸ்கிரீனைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அத்தை உட்காரும்போது ஒன்றும் தெரியவில்லை. தொப்பென்று சரிந்து உட்கார்ந்துவிட்டார். இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. முழங்கால் இரண்டும் இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஊன்றி எழ வழியில்லை. முன் சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒரு கால் தரையில் பட்டது, இன்னொரு கால் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது, புடவைக் கரை வாசல் விளிம்பில் மாட்டிக்கொண்டது. நானும் இவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினோம். ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அத்தை சொன்னார்: "வேணாம்மா. நான் வூட்லயே இருந்துக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க."

யாருக்காக முக்கியமாக வண்டி வாங்குகிறோமோ, அவர் வரமாட்டேன் என்கிறார். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த வார்த்தை என் காதிலேயே இருந்தது.

மறுநாளிலிருந்து எந்த ஷோரூம் போனாலும் அத்தையும் வாக்கரும் கூடவே. பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். நம் வீட்டு நாற்காலி உயரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். உட்கார்ந்த பிறகு முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது. மாருதியில் ஆல்டோ கே10 காரின் மொத்த உயரம் 1,520 மில்லிமீட்டர், வேகன் ஆர் 1,675. வித்தியாசம் ஆறு அங்குலம்தான். ஆனால் மூட்டுவலிக்காரருக்கு அந்த ஆறு அங்குலம்தான் கார். அதற்காகப் பெரிய ஜீப் மாதிரி வண்டிக்குப் போனாலும் சரிவராது. அதில் ஏறவே படி வேண்டும். நாற்காலியில் உட்காருவதுபோல், சற்றே திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதையும் பாருங்கள். பாதி திறந்து நிற்கிற கதவில் வாக்கரை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவரவே முடியாது.

வாக்கர் என்றதும் டிக்கி. மடித்த வாக்கரையும், ஊருக்குப் போகும் பை இரண்டையும் வைத்தே பார்த்துவிடுங்கள். ஆல்டோவில் 214 லிட்டர், வேகன் ஆரில் 341 லிட்டர் இடம் என்று எண்ணில் படிப்பதைவிட, கையால் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். சி.என்.ஜி. மாடல் யோசிப்பவர்கள் சிலிண்டர் இருக்கிற வண்டியின் டிக்கியைத் திறந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பெட்ரோல் மாடலின் டிக்கியைக் காட்டிவிட்டு அதே வண்டிதான் என்பார்கள்.

இவருக்கு ஏழு சீட் வண்டி மேல்தான் ஆசை. குடியாத்தத்தில் கொழுந்தனார் குடும்பம் இருக்கிறது, எல்லாரும் சேர்ந்து போகலாம் என்றார். நியாயமான ஆசைதான். நான் தினசரி காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, போன வருடம் இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போன நாட்களை எண்ணினேன். பொங்கலுக்கு ஒரு நாள், ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை, திருவண்ணாமலை ஒரு தடவை, ஒரு காதுகுத்து. மொத்தம் ஆறு நாள் தேறவில்லை. ரெனோ டிரைபர் நல்ல யோசனையோடு செய்த வண்டி, நான்கு மீட்டருக்குள் ஏழு சீட் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஏழு சீட்டையும் போட்டால் பின்னால் மிஞ்சுவது 84 லிட்டர் இடம். அதில் எங்கள் வாக்கர் போகாது. கடைசி வரிசையில் யார் உட்காருவார்கள் என்றும் யோசித்தேன். குழந்தைகள்தான், பின் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல். ஆறு நாளுக்கு வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று இவரும் ஒத்துக்கொண்டார். மாதம் இரண்டு தடவை ஏழு பேர் போகிற வீடாக இருந்தால் நான் சொல்வதைக் கேட்க வேண்டாம், ஏழு சீட்டே வாங்குங்கள்.

எங்கள் வீடு சலவன்பேட்டையில். சந்து ஒன்பதடி அகலம், அதிலும் ஒரு வீட்டுப் படிக்கட்டு வெளியே வந்திருக்கும். டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் ஷோரூம் போனேன். கண்ணாடிகளையும் சேர்த்து அளக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று தோன்றும். கார் வாங்கிய பிறகு தெருமுனையிலேயே நிறுத்திக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருவர் இருக்கிறார்கள்.

விலைக்கு வருகிறேன். விளம்பரத்தில் போடுகிற விலை ஷோரூம் விலை. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள், என்ஜின் 1,200 சி.சி.க்குள் இருக்கிற பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29. நமக்கு நல்லதுதான். ஆனால் அதற்கு மேல், வாங்கும்போதே மொத்தமாகக் கட்டுகிற மாநிலத்தின் ஆயுள் வரி இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம். ஐந்தரை லட்ச ரூபாய் வண்டி என்றால் வரி மட்டும் 71,500 ரூபாய். அப்புறம் இன்சூரன்ஸ். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், புது காருக்கு மூன்று வருடத்துக்குக் கட்டாயம். ஆக, கையில் ஏழு லட்சம் இருந்தால் ஆறுக்குக் கீழே இருக்கிற வண்டிகளைத்தான் பார்க்க வேண்டும். ஏழு லட்ச வண்டியைப் பார்த்து மனசில் ஆசையை வளர்த்துவிட்டால், மிச்சத்துக்குக் கடன்தான்.

மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்பதுதான் நம் ஊரில் முதல் கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு மாதம் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. லிட்டருக்கு 20 கொடுக்கிற வண்டிக்கு 25 லிட்டர், 24 கொடுக்கிற வண்டிக்கு 21 லிட்டர். வித்தியாசம் நான்கு லிட்டர், நானூறு ரூபாய் சொச்சம். தினமும் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அது பெரிய பணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவர்கள் அந்த நானூறு ரூபாய்க்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

இனி சொல்வதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாடகைக் காரில் பள்ளிகொண்டா பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். மகன் முன் சீட்டில் என் மடியில். கொணவட்டம் தாண்டும்போது குறுக்கே ஒரு பைக் வந்தது, டிரைவர் பிரேக் அடித்தார். வேகம் ஒன்றும் அதிகமில்லை, நாற்பது இருந்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும் அவன் முகம் டேஷ்போர்டில் போய் மோதி மேலுதடு கிழிந்தது. என் சேலை முந்தானையை உதட்டில் அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று தையல். தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. தாயின் கை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் பிரேக்குக்கு முன்னால் அது நிற்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வண்டியில் ஏர்பேக் விரிந்திருந்தால், அதற்கும் எனக்கும் நடுவில் அவன் தலை இருந்திருக்கும்.

பதினான்கு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் பெல்ட் போட்டோ, குழந்தை சீட்டிலோதான் உட்கார வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். சட்டத்தை விடுங்கள், பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கார் பட்ஜெட் போடும்போதே குழந்தை சீட்டுக்கும் ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். சீட் கவருக்கும் கால் மிதிக்கும் செலவழிக்கிறோம், இதற்கு யோசிக்கிறோம். குழந்தை சீட்டை மாட்டுகிற கொக்கி பின் சீட்டில் இருக்கிறதா, நடு சீட்டுக்கும் தோள் பெல்ட் உண்டா, இல்லை இடுப்புப் பெல்ட் மட்டும்தானா என்று விரலால் தடவிப் பாருங்கள். விற்பவர்கள் தானாகக் காட்டமாட்டார்கள்.

நட்சத்திரக் கணக்கையும் பாருங்கள். காரை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று கொடுப்பார்கள். குளோபல் என்கேப் என்ற அமைப்பு 2023-இல் மோதிப் பார்த்ததில் வேகன் ஆருக்குப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம், ஆல்டோ கே10-க்கு இரண்டு. குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுக்குமே ஒன்றுமில்லை. அதன் பிறகு 2025-இல் இரண்டிலும் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் வைத்துவிட்டார்கள். அது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏர்பேக்கின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மோதும்போது வண்டியின் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். டாடாவின் டியாகோ 2020-இல் பெரியவர்களுக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதே டாடாவின் பஞ்ச் 2021-இல் இரண்டே ஏர்பேக்கோடு பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு நான்கு வாங்கியது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. நீங்கள் பார்க்கிற வண்டி அதில் என்ன வாங்கியிருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

டெஸ்ட் டிரைவ் என்று சர்வீஸ் ரோட்டில் இரண்டு பேரை வைத்து ஒரு கிலோமீட்டர் ஓட்டக் கொடுப்பார்கள். அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நான் ஐந்து பேரோடும்தான் ஓட்டுவேன் என்றேன். முதலில் தயங்கினார்கள், பிறகு சரி என்றார்கள். ஏ.சி. போட்டுக்கொண்டு காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறினேன். சாயங்காலம் ஆறு மணி, வழக்கம்போல் பாலத்தின் பாதியில் நெரிசல். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் பஸ் ஒட்டி நிற்க, மறுபடி நகர்த்த வேண்டும். என்ஜினுக்குத் தெம்பு இருக்கிறதா, கிளட்ச் என் காலுக்கு ஒத்துவருகிறதா, பின்னால் இருக்கிறவர்களுக்குக் காற்று போகிறதா என்று அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுக்கும் இதே பாடம்தான். குடும்பத்தோடு ஏறப்போகிற வண்டியைக் குடும்பத்தோடுதான் ஏற்றிப் பார்க்க வேண்டும். வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் மத்தியானத்தில் ஒரு தடவை பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். நான் வெள்ளை நிறம் எடுத்ததற்கு அந்த வெயில்தான் காரணம்.

கடைசியில் எடுத்தது பஞ்ச், கீழிருந்து இரண்டாவது மாடல். கதவு கிட்டத்தட்ட நேராக, தொண்ணூறு டிகிரிக்குத் திறக்கிறது. அத்தை முதல் தடவையிலேயே உட்கார்ந்து எழுந்துவிட்டார். அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் மூட்டுவலிக்காரர் இல்லையென்றால் டியாகோவே போதும். ஹூண்டாய் எக்ஸ்டரையும் பார்க்கலாம், வந்த நாளிலிருந்தே அதில் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக்.

வாங்கும்போது இன்னொன்று. இன்சூரன்ஸ் எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று ஷோரூமில் அழுத்தினார்கள். அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. வெளியில் அதே பாலிசியை விசாரித்தேன், ஒன்பதாயிரம் குறைவாக இருந்தது. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை போட்டிருந்தார்கள். எதற்கு என்று எழுத்தில் கேட்டதும் எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் கேட்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் இவரைப் பார்த்தே பதில் சொன்னார்கள். இவர், "வண்டி ஓட்டப்போறது அவங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். பெண்கள் கேட்கத் தயங்காதீர்கள். பணம் நம்முடையதும்தான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூருக்குப் போனோம். அத்தையின் அக்கா வீடு அங்கேதான். மூன்று வருடமாகப் போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் நிறுத்தினேன். நான் இறங்கி டிக்கியிலிருந்து வாக்கரை எடுப்பதற்குள் அத்தையே கதவைத் திறந்து, இரண்டு காலையும் வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். பெரியம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "யாருடி இட்டுனு வந்தது?" என்றார்.

"என் மருமவதான் ஓட்டிகினு வந்தா" என்றார் அத்தை.