அந்தக் கறுப்பு நாடா பற்றி, அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

கழுத்தில் கறுப்பு நாடா கட்டி என் அக்கா மகள் போட்ட படத்துக்குக் கீழே முந்தாநாள் நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக அதை மறுபடி எடுத்துப் போட எனக்கு மனசில்லை. அந்த ஒரு வரியை மட்டும் சொல்கிறேன். "இந்த மாதிரி கறுப்பு நாடாவை அந்தக் காலத்துப் பாரிஸில் யார் கட்டினார்கள் என்று வரலாறு தெரிந்துகொண்டு கட்டும்மா." பாலியல் தொழிலாளிகள் கட்டியது என்று சொல்லாமல் சொல்கிற வரி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

எழுதியவர் முகம் தெரியாத ஆள் இல்லை. பல வருஷமாக நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். நிறையப் படிக்கிறவர், ஓவியம் பற்றி எழுதுகிறவர். அதனால்தான் இத்தனை வலி. வேறு யாராவது சொல்லியிருந்தால் பிளாக் செய்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

வரலாறு என்ற வார்த்தையை எடுத்தது நீங்கள்தான் அண்ணே. சரி, வரலாறே பேசுவோம்.

உங்கள் மனதில் இருப்பது எது என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சு ஓவியர் மானேயின் 'ஒலிம்பியா'. 1863இல் வரைந்து, 1865இல் சலோன் என்ற பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியில் வைத்த ஓவியம். கட்டிலில் ஆடையில்லாமல் சாய்ந்திருக்கும் பெண், கழுத்தில் மெல்லிய கறுப்பு நாடா, அதில் ஒரு முத்து. பார்க்க வந்த கூட்டம் கொதித்துப் போனது. படத்துக்குக் காவல் போட வேண்டியிருந்தது, கடைசியில் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றி மாட்டினார்கள். அவள் பாலியல் தொழிலாளி என்பதை அன்று பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள் என்பதும் உண்மை. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் எதை வைத்துப் புரிந்துகொண்டார்கள்? ஒலிம்பியா என்பது அந்த உலகத்தில் புழங்கிய பெயர். தலையில் பூ, காலில் செருப்பு, காலடியில் கறுப்புப் பூனை, யாரோ ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய பூங்கொத்தைப் பணிப்பெண் நீட்டிக்கொண்டு நிற்கிறாள், எல்லாவற்றுக்கும் மேல் அவள் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். இத்தனையும் சேர்ந்துதான் அந்த அர்த்தம் வந்தது. நாடா அதில் ஒன்று, அவ்வளவுதான். பூனை வளர்ப்பவர்களைப் பார்த்து யாரும் வரலாறு தெரியுமா என்று கேட்பதில்லையே.

இப்போது இன்னொரு ஓவியத்துக்கு வாருங்கள். அதே மானே, பத்து வருஷம் கழித்து, 1873இல் வரைந்தது. 'ரயில்பாதை' என்று பெயர், வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இரும்புக் கம்பி வேலிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கருநீல உடை, தொப்பி, மடியில் திறந்த புத்தகம், கை மடிப்பில் தூங்கும் குட்டி நாய். பக்கத்தில் ஒரு சிறுமி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி ரயில் புகையைப் பார்க்கிறாள். அந்தப் பெண்ணின் கழுத்தைப் பாருங்கள். கறுப்பு நாடா. சிறுமியின் தலையைப் பாருங்கள். அங்கேயும் கறுப்பு நாடாதான், முடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறது.

இரண்டு ஓவியத்துக்கும் மாடல் ஒரே ஆள்தான். பெயர் விக்டோரின் மெரோன். ஒரே ஓவியர், ஒரே பெண், அதே கறுப்பு நாடா. கட்டிலில் இருந்தால் ஒரு கதை, மடியில் நாய்க்குட்டியோடு உட்கார்ந்தால் வேறு கதை. அப்படியானால் நாடாவுக்கு என்ன அர்த்தம் அண்ணே? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். பக்கத்துப் பானையின் சோற்றுக்கு அது எப்படிப் பதமாகும்?

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு படத்தை வைத்து ஒரு நாடாவுக்கு முத்திரை குத்தாதீர்கள்.

நான் படம் வரையக் கற்றுக்கொண்ட காலத்தில் எனக்குக் கழுத்துதான் வரவே வராது. முகம் வந்துவிடும், தோள் வந்துவிடும், நடுவில் ஒரு தூணை நட்ட மாதிரி இருக்கும். சொல்லிக்கொடுத்த அம்மா ஒரு நாள் எதுவும் பேசாமல், மாடலாக உட்கார்ந்திருந்த பெண்ணின் கழுத்தில் கறுப்பு வெல்வெட் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் புரிந்தது. கழுத்து ஓர் உருளை. உருளையின் மேல் சுற்றிய பட்டை நேர்கோடாகத் தெரியாது, வளையும். அந்த வளைவு மேலே வளைகிறதா கீழே வளைகிறதா என்பதிலேயே கழுத்து முன்னால் சாய்கிறதா பின்னால் சாய்கிறதா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கறுப்புக்குப் பக்கத்தில் தோலின் நிறம் தூக்கிக் காட்டும். தாடைக்குக் கீழே விழும் நிழல் எவ்வளவு வெளிர் என்பதை அந்தக் கறுப்போடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தேன். அந்தக் கால ஓவியர்களுக்கு அந்த நாடா ஏன் அவ்வளவு பிடித்தது என்று எனக்கு விளங்கியது அன்றுதான். மானே 1862இல் விக்டோரினின் முகத்தை மட்டும் பெரிதாக வரைந்த சிறிய ஓவியம் ஒன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் கழுத்தில் கறுப்பு நாடா உண்டு. கட்டில் இல்லை, பூனை இல்லை.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் டெகாவின் நடனப் பெண்களைக் காட்டிப் பேசுவீர்கள் என்று தெரியும். "அவர்கள் கழுத்திலும் அதே நாடாதானே, ஓபரா நடனக்காரிகளின் நிலைமை என்னவென்று தெரியாதா?" தெரியும் அண்ணே. டெகாவின் 'நட்சத்திரம்' ஓவியத்தில் மேடை வெளிச்சத்தில் கைகளை விரித்து ஆடுகிற பெண்ணின் கழுத்திலிருந்து கறுப்பு நாடா பின்னால் பறக்கிறது. திரைக்குப் பக்கத்தில் கறுப்பு கோட் போட்ட ஓர் ஆண் நிற்கிறான். தலை திரைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. காசுள்ள ஆண்கள் அப்படி மேடைக்குப் பின்னால் வந்து நிற்பது அன்று வழக்கம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காசுக்காக என்ன பட்டார்கள் என்பதும் பதிவாகி இருக்கிறது. அதே படத்தில் அவனும் நிற்கிறான், அவளும் நிற்கிறாள். 150 வருஷம் கழித்து நமக்கு ஞாபகம் இருப்பது அவள் கழுத்தில் இருந்த நாடாதான். அவன் கழுத்தில் என்ன கட்டியிருந்தான் என்று யாராவது கேட்டதுண்டா?

இன்னும் பின்னால் போகலாம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, கில்லட்டினில் தலை போனவர்களின் வீட்டுப் பெண்கள் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி விருந்தில் ஆடினார்கள் என்ற கதை உண்டு. அந்த விருந்துகளே பிற்காலத்தில் பெருகிய கதை என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். அதனால் அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எடுக்கவும் தேவையில்லை. இன்றைய இராக்கில் இருந்த 'ஊர்' (Ur) என்ற பழைய நகரத்தின் அரச கல்லறைகளை 1920களில் தொல்லியலாளர் லெனார்ட் வூலி தோண்டியபோது, அங்கே புதைந்திருந்த பெண்களின் கழுத்தில் பொன்னும் லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லும் முக்கோணம் முக்கோணமாகக் கோத்த, கழுத்தை ஒட்டிய பட்டைகள் கிடைத்தன. சுமார் 4500 வருஷத்துக்கு முந்தையவை. பாரிஸ் என்ற நகரமே இல்லாத காலம் அண்ணே அது!

அப்புறம் அலெக்ஸாண்ட்ரா. டென்மார்க் இளவரசி, 1863இல் பிரிட்டன் பட்டத்து இளவரசரை மணந்தவர், 1901இல் ராணியானவர். எந்தப் படத்தை எடுத்தாலும் கழுத்து தெரியாது. முத்து வரிசை மேல் முத்து வரிசையாகத் தாடை வரை ஏறியிருக்கும். கழுத்தில் இருந்த ஒரு சிறு தழும்பை மறைக்கத்தான் அப்படி அணிந்தார் என்று சொல்வார்கள். அவரைப் பார்த்து ஊரே அணிந்தது. 1867இல் காய்ச்சல் கண்டு கால் விந்தியபோது, அந்த விந்தல் நடையைக்கூடச் சில பெண்கள் காப்பி அடித்தார்கள்! அந்த முத்துப் பட்டைக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் தெரியுமா? நாய்க் கழுத்துப் பட்டை. அப்படியேதான் சொன்னார்கள். ராணியைப் பார்த்து எவனும் வரலாறு தெரிந்து கட்டும்மா என்று சொல்லவில்லை.

தழும்பு என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். தைராய்டுக்காக எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தின் அடியில் குறுக்கே ஒரு கோடு. முதல் ஆறு மாதம் அது சிவந்து, தடித்து, தொட்டாலே கூசும். பேச வருகிறவர்களின் கண் என் கண்ணில் நிற்காது, நழுவி அங்கே போய் நிற்கும். ஒரு நாள் கறுப்பு வெல்வெட் நாடாவை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, பின்னால் ஒரு கொக்கி தைத்துக் கட்டிக்கொண்டேன். உள்பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைத்தேன், உரசாமல் இருக்க. அதற்குப் பிறகுதான் நான் வெளியில் நிமிர்ந்து நடந்தேன். அந்த நாடாவைத்தான் இவள் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தாள். "சித்தி, அதை எனக்குத் தருவியா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் படத்தில் கட்டியிருந்தது அதுதான்.

இது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்வீர்கள். வாய்ப்பில்லைதான். தெரியாதபோது எதற்கு அண்ணே அர்த்தம் சொன்னீர்கள்?

இன்னொரு பக்கமும் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். "கழுத்தை ஒட்டிக் கட்டும் இதற்கு ஆங்கிலத்தில் சோக்கர் (choker) என்ற பெயர், அந்தப் பெயரிலேயே கழுத்தை நெரிப்பது இருக்கிறதே, அது அடிமைத்தனத்தின் சின்னம்தானே" என்று. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கான்சுவேலோ வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் மகளை, அவள் வேறொருவரை விரும்பியிருந்தும், 1895இல் அவளுடைய அம்மா ஓர் ஆங்கிலேயப் பிரபுவுக்குக் கட்டிவைத்தார். அவளிடம் 19 வரிசை முத்துப் பட்டை ஒன்று இருந்தது. அதன் வைரக் கொக்கிகள் கழுத்தை அராவின என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கழுத்தணியில் அடிமைத்தனத்தைத் தேடுகிறவர்கள் அந்த அரண்மனையில் போய்த் தேடலாம். ஏழைப் பெண்ணின் அரை முழ நாடாவில் மட்டும் தேடுவது ஏன்?

ஒரு கமென்டுக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நடந்தால் புரியும்.

விக்டோரின் மெரோனுக்கு வருகிறேன், ஏனென்றால் ராத்திரி முழுக்க அவள்தான் என் மனசில் இருந்தாள். அவள் வெறும் மாடல் இல்லை. ஓவியர். 1876இல் சலோன் அவளுடைய தன்னோவியத்தை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் மானேயின் படங்களைத் திருப்பி அனுப்பியது. மொத்தம் ஆறு முறை சலோனில் அவள் ஓவியம் வைத்தாள். 1903இல் பிரெஞ்சு ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானாள். 1927இல், எண்பதைத் தாண்டிய வயதில், கொலோம்ப் என்ற ஊரில் இறந்தாள். ஆனால் குடித்துச் சீரழிந்து இளம் வயதிலேயே செத்துப்போன விபசாரி என்றுதான் அவளைப் பற்றி ரொம்ப காலம் எழுதினார்கள். படத்தில் அவள் ஏற்ற வேடத்தை அவள் வாழ்க்கை மேலேயே ஒட்டிவிட்டார்கள். அவள் வரைந்தவற்றில் பெரும்பாலானவை எங்கே போயின என்றே தெரியாது. கட்டிலில் அவளைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர். அவள் வரைந்ததைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஆஸ்திரிய ஓவியர் க்ளிம்ட் 1907இல் வரைந்து முடித்த, அடேலே ப்ளோக்-பவர் என்ற யூதப் பெண்ணின் ஓவியத்திலும் கழுத்தை இறுக்கிய ஒளிரும் பட்டை இருக்கிறது. அதை நாஜிகள் எடுத்துக்கொண்டு, யூதப் பெயர் தெரியக் கூடாது என்று 'பொன்னிறப் பெண்மணி' என்று பெயர் மாற்றிக் காட்சிக்கு வைத்தார்கள். அவளுடைய அக்கா மகள் மரியா ஆல்ட்மான் வழக்குப் போட்டு 2006இல் ஓவியத்தை மீட்டார். அடேலேயின் வைரக் கழுத்தணி மரியாவுக்குக் கல்யாணப் பரிசாக வந்திருந்தது. அதையும் நாஜிகள் பறித்துக்கொண்டார்கள். ஓவியம் திரும்பி வந்தது, கழுத்தணி வரவில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு அவள் அணிந்ததை மட்டும் வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று நினைத்தேன், அதனால் இருக்கலாம்.

அண்ணே, உங்களைத் திட்ட நான் இதை எழுதவில்லை. அந்தச் சிரிப்பு பொம்மை போட்டவர்களில் சிலர் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அவர்களிடமும் எனக்குக் கோபமில்லை. இல்லை, இருக்கிறது. பொய் எதற்கு?

நேற்று ராத்திரி அவள் போன் செய்தாள். "சித்தி, நான் போட்டோவை எடுத்துட்டேன். இனிமே அதைக் கட்ட மாட்டேன், உனக்கே அனுப்பிடுறேன்" என்றாள். எடுக்காதே, அனுப்பாதே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை சித்தி என்று வைத்துவிட்டாள்.

எனக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். அவள் நம்பர் உங்களிடம் இருக்கிறது.