செயலி சொன்ன 'நார்மல்'

வீட்டிலிருந்தே காது டெஸ்ட் என்று விளம்பரம் வரும்போதெல்லாம் அப்பாவின் இடது காது ஞாபகத்துக்கு வரும்.

நான் பெங்களூரில், அவர் தேனியில். வீடியோ காலில் வழிசொல்லி, ஹெட்போன் மாட்டவைத்து, ஒரு இலவசச் செயலியில் சோதித்தேன். இரைச்சலுக்கு நடுவே மூன்று மூன்று எண்களாகச் சொல்லும். கேட்டதை அழுத்த வேண்டும். முடிவு: நார்மல். அப்பாவுக்கு ஒரே பெருமை. அம்மாதான் நடுவில் புகுந்தாள். "வலப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா இவருக்கு குக்கர் விசில்கூட கேக்காது." வலது காது தலையணையில் புதைந்தால் மிஞ்சுவது இடதுதானே!

டவுனில் ஆடியாலஜிஸ்ட்டிடம், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம், போனோம். சத்தம் புகாத அறையில், நல்ல காதுக்கு இரைச்சல் கொடுத்து அடக்கிவிட்டு, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்துப் பார்த்தார். உள்காது நரம்பு பரவாயில்லை. சின்ன வயதில் சீழ் வடிந்த காதாம், செவிப்பறையில் ஓட்டை.

செயலி பொய் சொல்லவில்லை. எண் சொல்லும் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைத்தான் அது அளக்கிறது. அதனால் ஹெட்போன் மட்டமாக இருந்தாலும் பெரிய பாதகமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட செயலியும் இந்த வகைதான். ஆனால் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போனால் நல்ல காதே எல்லாப் பதிலையும் சொல்லிவிடும். 'பீப்' ஒலி கேட்கிறதா என்று சோதிக்கும் செயலிகளை நான் இன்னும் குறைவாகவே நம்புவேன். அளவு சரிபார்க்காத ஹெட்போன், மேலே ஓடும் ஃபேன். 250, 500 ஹெர்ட்ஸ் போன்ற கனத்த, தாழ்ந்த ஒலியெல்லாம் அந்த ஃபேன் சத்தத்திலேயே மூழ்கிவிடும்.

அதற்காகத் தொலைவிலிருந்து செய்வதே தப்பு என்று சொல்ல மாட்டேன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், வேனில் செயற்கைக்கோள் இணைப்பு வைத்து, பிறந்த குழந்தைகளுக்கு பெரா டெஸ்ட் (ஒலி கேட்கும்போது காது நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளை அளக்கும் சோதனை) எடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், நேரில் எடுத்ததற்கும் இதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. அங்கே தூரத்தில் இருந்தது நிபுணர் மட்டும்தான். முறையான கருவியும், எலெக்ட்ரோடு ஒட்டத் தெரிந்த கையும் குழந்தைக்குப் பக்கத்திலேயே இருந்தன. அப்பா பக்கத்தில் இருந்தது ஒரு செல்போன்.

காதுக்குள் ஒருவர்கூட எட்டிப் பார்க்காமல், போன் டெஸ்ட்டை வைத்தே காது மெஷின் விற்கிறார்களே, அதுதான் எனக்குக் கோபம். அழுக்கு அடைத்திருந்தாலும் 'கேட்புக் குறைவு' என்றுதானே காட்டும்?

அப்புறம் ஒன்று. ராத்திரி நன்றாகக் கேட்ட காது காலையில் திடீரென்று கேட்கவில்லையென்றால் செயலியைத் தேடாதீர்கள். இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் இருக்கும். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள்.