எஃப்.எஸ்.ஆர். எல்லாக் கணினியிலும் ஃபிரேம் ரேட்டை இரட்டிப்பாக்காது

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கணினி விளையாட்டில், காட்சியைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கும் எஃப்.எஸ்.ஆர். அமைப்பை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றினால் எந்தக் கணினியிலும் ஃபிரேம் ரேட் (நொடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) இரட்டிப்பாகும் என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறான நம்பிக்கையைத் தருகிறது. அந்த நிலையில் 1920×1080 திரைக்கான காட்சி 960×540 அளவில் வரையப்பட்டுப் பின்னர் பெரிதாக்கப்படுவதால், கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டிய பிக்சல்கள் கால் பங்காகக் குறைகின்றன என்பது சரியே. ஆனால் வீரர்களின் நகர்வைக் கணக்கிடுவது, ஒவ்வொரு ஃபிரேமையும் வரைவதற்கான கட்டளைகளைத் தயாரிப்பது போன்றவை பிராசஸரின் வேலைகள். ரெசல்யூஷனைக் குறைப்பதால் அந்தச் சுமை குறைவதில்லை. ஓரளவு நல்ல கார்டு உள்ள கணினிகளில் இந்த விளையாட்டின் ஃபிரேம் ரேட் உயராமல் பெரும்பாலும் தடுப்பது பிராசஸர்தான்.

ஆகவே ஃபிரேம் ரேட் வரம்பையும், ஃபிரேம் ரேட்டைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க்கையும் நீக்கிவிட்டு, ஆட்டத்தின் நடுவே, குறிப்பாகப் புகைக்குண்டுகள் வெடித்திருக்கும்போது, கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் எஃப்.எஸ்.ஆர். உதவும். 60, 70 என்ற அளவில் இருந்தால், தொலைவில் நிற்கும் எதிரியின் உருவம் மங்குவதைத் தவிர வேறு பலன் இராது. கார்டே தடையாக இருப்பவர்களும் 1280×720 அளவில் வரையும் 'குவாலிட்டி' நிலையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். அதற்கும் முன்பாக, உருவங்களின் விளிம்புகளை மென்மையாக்கும் எம்.எஸ்.ஏ.ஏ. அமைப்பை 8 மடங்கிலிருந்து 4 அல்லது 2 மடங்காகக் குறைத்துப் பாருங்கள்.