கடலுக்கு இடம் விடலாம், ஆனால் யாருடைய இடத்தை?

கடற்கரை அரிக்கிறது என்றதும் நம் ஆட்கள் வாயில் முதலில் வருவது "சுவர் கட்டு" என்பதுதான். 2007 மார்ச்சில் இங்கே தென்னாப்பிரிக்காவில் பேரலை அடித்து, டர்பனுக்கு வடக்கே பாலிட்டோவிலும் தெற்கே தென்கரையிலும் வீடும் சாலையும் போனபோதும் அதையே சொன்னோம். கல்லைக் கொட்டினார்கள், பெரிய பெரிய மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். ஆனால் சுவரில் மோதுகிற அலை சும்மா திரும்புவதில்லை, அடிமணலை வாரிக்கொண்டு போகிறது. நாளாக ஆகச் சுவர் மட்டும் நிற்கும், கடற்கரை இருக்காது. அப்புறம் சுவரும் சரியும்.

இங்கிலாந்தில் மெட்மெரி என்ற இடத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். அங்கே கடலோரக் கூழாங்கல் கரையை குளிர்காலம்தோறும் புல்டோசர் வைத்துக் குவித்துக் குவித்து அலுத்துப்போனார்கள். கடைசியில் உள்ளே தள்ளி 7 கிலோமீட்டருக்குப் புதுக் கரை போட்டுவிட்டு, 2013 செப்டம்பரில் பழைய கரையை அவர்களே வெட்டித் திறந்துவிட்டார்கள். வயலாக இருந்த இடத்தில் இப்போது புல் முளைத்த உப்புச் சதுப்பு. அலை அதன்மேல் பரவி, வேகம் இழந்துதான் புதுக் கரையைத் தொடுகிறது. அந்தப் புல் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: ஜெர்மனியில் 300 மீட்டர் நீளத் தொட்டியில் நிஜச் சதுப்பைப் பெயர்த்து வைத்துப் புயல் அலையை விட்டுப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. அலையின் உயரம் குறைந்ததில் 60 சதவீதம் வரை செடிகளின் வேலை.

நம் டர்பன் பக்கம் இந்த வேலையைச் செய்வது கண்டல் (மாங்குரோவ்) மரங்கள். ப்ளூ லகூனுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோமே, அதற்கு எதிர்க்கரையில், உம்கெனி ஆறு கடலில் சேரும் இடத்தில் பீச்வுட் கண்டல் காடு இருக்கிறது. வற்றத்தில் போய்ப் பாருங்கள். பென்சில் பென்சிலாகச் சேற்றைக் குத்திக்கொண்டு மேலே நிற்கிற மூச்சுவேர்கள், அவற்றுக்கு நடுவே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகள். வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. வேருக்கு வேர் வண்டலைப் பிடித்து வைப்பதால் தரையும் மெல்ல உயர்கிறது. எந்தக் கான்கிரீட் சுவர் தானாக உயரும்?

துறைமுகத்துக்குள் இப்படிப்பட்ட காடு நிறைய இருந்தது. அதிலுள்ள சாலிஸ்பரி தீவில் நம் இந்திய மீனவக் குடும்பங்களும் இருந்தன. கடற்படைத் தளத்துக்காகக் குடும்பங்களைக் கிளப்பினார்கள், காடும் போனது. 1961-இல் அதே தீவின் பழைய பாசறைக் கட்டடங்களில்தான் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரியைத் திறந்தார்கள். இன்று கண்டல் மிஞ்சியிருப்பது துறைமுகத்தின் பேஹெட் பக்கம் கொஞ்சம்தான்.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. "கடலுக்கு இடம் விட்டுப் பின்வாங்குவோம்" என்று டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். "இன்னொரு தடவை எங்களைக் கிளப்பப் பார்க்கிறீங்களா, தம்பி?" என்றார். அவர் கோபம் நியாயம். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழு வாழிடச் சட்டம் வந்ததிலிருந்து "உன் நன்மைக்குத்தான்" என்று சொல்லியே நம்மை லாரியில் ஏற்றினார்கள். அதற்கு முன்பிருந்தே நம் ஆட்கள் வாழ்ந்த தகரக் குடிசைப் பகுதியான டின் டவுனைப் பாருங்கள். உம்கெனி வெள்ளச் சமவெளியில் குடியிருக்க விட்டார்கள். 1917-இல் வெள்ளம் வந்தபோது பிறகு 'படவேட்டான் அறுவர்' என்று பெயர்பெற்ற ஆறு பேர் படகெடுத்துப் போய் 176 உயிரைக் காப்பாற்றினார்கள். 1976-இல் மறுபடி வெள்ளம். மிஞ்சியவர்களை டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரையை விட்டு நகர்ந்தது சரிதான். ஆனால் யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் பின்வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளம் 400 பேருக்கு மேல் கொண்டுபோனது. பள்ளத்திலும் சரிவிலும் தகரக் கொட்டகை போட்டிருந்தவர்கள் எத்தனை பேர் அதில்! அவர்களைத் திரும்ப அங்கேயே குடியேற விடுவது கொடுமை. கடலோர மாளிகைக்கு மணல் மூட்டை, ஏழைக்கு "நகர்ந்து போ" என்பது அதைவிடப் பெரிய கொடுமை.

துறைமுகத்தையும் நகரக் கடற்கரையான கோல்டன் மைலையும் நகர்த்த முடியாது, அங்கே சுவர் இருக்கட்டும். இசிப்பிங்கோவில் தொடங்கலாம். அங்கே ஆற்றைத் திருப்பிவிட்டதால் கழிமுகம் தண்ணீர் இல்லாமல் திணறுகிறது, கண்டல் இன்னும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆற்றுத் தண்ணீரை அதற்குத் திரும்ப விடுங்கள். தாழ்நிலத்தில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி தராதீர்கள். நகர வேண்டியவர்களுக்கு, அவர்கள் கோவிலுக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரத்தில் முதலில் வீட்டைக் கட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் பழைய வீட்டை இடிப்பதைப் பற்றிப் பேசுங்கள்.