இல்லாத ஸ்குரூவைத் திருகிய கதை

கராஜ் பில்லில் எழுதியிருக்கிறது: "டப்பட் செட்டிங்", அதாவது எஞ்சின் வால்வின் இடைவெளியை ஸ்குரூ திருகி அளவாக்கினதாம். என் காரில் செட் பண்ணுவதற்கு டப்பட் ஸ்குரூவே கிடையாது. ஏன் அண்ணை இப்படிப் போட்டிருக்கிறீங்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "உது அப்பிடித்தான் தம்பி போடுறது" என்றார். சரி, தீர்ந்தது.

டிக் டிக் டிக். எஞ்சினின் மேல்பக்கம் இருந்து வரும், மிதித்தால் விரையும், விட்டால் ஓயும். பழைய கார் வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். வந்த விலையைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் இருக்கிற காரையே இன்னொருமுறை துடைத்து நிறுத்திக்கொண்டோம். அந்தப் பாதிக்குள் நானும் ஒருவன்.

கராஜில் பொனட்டைத் தூக்கினால் போதும், வைத்தியர் சபை கூடிவிடும். மெக்கானிக் அண்ணை, அவருடைய மச்சான், தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்துக் கடைக்காரர், மோட்டார் சைக்கிளுக்குச் செயின் இறுக்க வந்த ஒருவர். "டப்பட்" என்றார் அண்ணை. "இல்லை, கொன் ரொட் அடிக்குது, எஞ்சினை இறக்கவேணும்" என்றார் மச்சான். பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பிதான் கொன் ரொட். பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் கொன் ரொட் அடியென்றால் ஏதாவது ஒரு சிலிண்டரில் சத்தம் மாறும். அடியும் கனமாகக் கீழிருந்து கேட்கும். அதைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை, எஞ்சினை இறக்கத்தான் நேரம் இருக்கிறது. கடைக்காரர் தேத்தண்ணியை உறிஞ்சிவிட்டு, "20 டபிள்யூ 50 விடுங்கோ, தடிப்பான ஒயில் விட்டால் அடங்கும்" என்றார். செயின்காரர் சொன்னதுதான் உச்சம்: "எங்கட பெரியப்பாவின்ர மொறிஸ் மைனரும் இப்பிடித்தான் கத்தினது."

மொறிஸ் மைனர், அந்தப் பழைய இங்கிலாந்துக் கார்! அதில்தான் எல்லாரும் பழகினார்கள், அதிலேயே நிற்கிறார்கள். அதில் வால்வை அமுக்கும் ரொக்கரின் நுனியில் ஒரு ஸ்குரூ இருக்கும், பூட்ட ஒரு நட் இருக்கும். 0.012 அங்குலத் தகட்டை நடுவில் விட்டு அளந்து இறுக்கினால் வேலை முடிந்தது. தொண்ணூறுகளில் யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாத காலத்தில் அதே மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் எங்கள் மெக்கானிக்மார். அதற்காக எழுந்து நின்று கும்பிடலாம். ஆனால் அந்தக் கும்பிட்டை என் காரிடமும் எதிர்பார்க்கிறார்களே, அதுதான் கொதிக்கிறது.

என் காரில் இருப்பது ஹைட்ரோலிக் லிப்டர். உள்ளே ஒரு சின்னப் பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு வால்வு. ஒயில் அழுத்தத்தோடு வந்து நிரம்பினால் இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். ஒயில் வராவிட்டால், ஒயிலோடு காற்றும் வந்தால், அழுக்கில் பிளஞ்சர் இறுகினால் கத்தும். திருக எதுவும் இல்லை.

இதைச் சொன்னேன். "ம்ம்" என்றார் அண்ணை, ரொக்கர் கவரைக் கழற்றினார். அளவுத் தகட்டை விரித்துப் பிடித்தபடி குனிந்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். போன் டோர்ச்சைக் கேட்டார். "ஸ்குரூ எங்கை தம்பி?" இல்லை அண்ணை, ஹைட்ரோலிக். "இருக்கும், உள்ளுக்கை கிடக்கும்." மச்சான் குனிந்து தேடினார். கடைக்காரர் கோப்பையைப் பற்றரிக்கு மேல் வைத்துவிட்டுத் தேடினார். செயின்காரர் எட்டிப் பார்த்து, "ஆரோ முந்தியே கழற்றிப்போட்டாங்கள் போல" என்றார். ஜப்பானில் எவனோ என் ஸ்குரூக்களைத் திருடிவிட்டானாம்! கடைசியில் அண்ணை ஒவ்வொரு ரொக்கரையும் விரலால் அசைத்து, நாடி பிடிக்கும் பரியாரி மாதிரிக் கண்ணை மூடித் தலையாட்டினார். தகட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பழைய காஸ்கெட்டுக்கு மேலேயே சிலிக்கோன் பூசி மூடினார்.

ஸ்டார்ட். டிக் டிக் டிக்.

"குறைஞ்சிட்டுது என்ன?" நால்வரும் ஒரே குரலில் குறைந்துவிட்டது என்றார்கள். "ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிட்டு ஓடுங்கோ தம்பி."

கந்தர்மடம் சந்தி வரும்போது புகை. சிலிக்கோனைத் தாண்டி ஒயில் கசிந்து சூடான எக்சோஸ்டில் விழுந்து கருகுகிறது. முந்தி சத்தம் மட்டும்தான், இப்போது வாசமும் சேர்ந்திருக்கிறது.

வீட்டில் ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். மேல்கோட்டுக்கு நன்றாக மேலே நிற்கிறது ஒயில். போன தடவை ஒயில் மாற்றியதும் அதே அண்ணைதான். "கொஞ்சம் கூட நிண்டால் நல்லது" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நல்லதாம்! ஒயில் மட்டம் கூடினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், அந்த நுரை லிப்டருக்குள் போகும், காற்று அமுங்கும், கத்தும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்னும் பெரிதாகக் கத்துவதற்குக் காரணம் ஒயில் பில்டர். அதன் ஓர ஓட்டைகளுக்குப் பின்னால் ரப்பர் தட்டு ஒன்று இருக்கவேண்டும். இரவில் ஒயில் வடிந்துபோகாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். அவர் பூட்டிய பில்டரில் அது இல்லை. பெட்டியில் மட்டும் பெயர் பெரிதாக இருந்தது.

கூடின ஒயிலை இறக்கினேன், ஒழுங்கான பில்டர் போட்டேன். முக்கால்வாசிச் சத்தம் போய்விட்டது. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கவரில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் மிச்சம் ஒரே ஒரு இடத்தில்தான். அந்த லிப்டரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குண்டை அமுக்கிக் காற்றுப் போகும்வரை பிளஞ்சரை அமுக்கி அமுக்கி விடவேண்டும். அப்படியும் சரிவராவிட்டால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் எடுப்பிக்கவேண்டியதுதான்.

நேற்று சந்தியில் அண்ணை கண்டுவிட்டார். காரோடு காது வைத்துக் கேட்டார். முகம் முழுக்கப் பெருமை. "பார்த்தீங்களே தம்பி, நான் செட் பண்ணினது இப்பதான் பிடிச்சிருக்கு!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார். என்ன செய்வது, "ஓம் அண்ணை" என்றேன்.

அதை விடுங்கள். ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்து அந்த ஒரு டிக்கைப் பிடிக்கும் நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் பாட்டைப் போட்டுக்கொண்டு வருகிறதே பாண் ஆட்டோ, அதற்கு யார் கேள்வி கேட்பது? ஊரையே எழுப்பிவிட்டு, காசோடு படலைக்கு ஓடினால் "மீன் பணிஸ் முடிஞ்சுது அண்ணை" என்கிறான். முடிந்தால் பாட்டை நிறுத்தடா!