வெண்டைக்காயின் வழவழப்பு யாருக்குக் குறை?

வெண்டைக்காயின் பிறப்பிடம் எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எத்தியோப்பியா என்பார் உண்டு, மேற்கு ஆப்பிரிக்கா என்பார் உண்டு. நாம் உண்ணும் வெண்டையில் பெரும்பாலும் 130 குரோமோசோம்கள் இருப்பதைக் காட்டி, 58 கொண்ட வட இந்தியக் காட்டு வெண்டையும் 72 கொண்ட வேறோர் இனமும் கலந்ததில் இது பிறந்திருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. 1216-இல் எகிப்துக்குச் சென்ற, ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதியைச் சேர்ந்த தாவரவியலாளர் அபுல் அப்பாஸ் அந்நபாத்தி, அங்கே இது விளைவதை எழுதிவைத்திருக்கிறார். பிறப்பு எங்கேயாக இருந்தாலும், அதன் வழவழப்புக்கு நாம் நியாயம் செய்யவில்லை என்பது என் கட்சி.

எங்கள் வீட்டில் காயை முழுதாகக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் உலர்ந்த பின்பே அரிவாள்மனைக்கு எடுத்துப்போவார்கள். நறுக்கியபின் தண்ணீர் பட்டால் பசை கரைந்து நூல் நூலாக இழுக்கும் என்பதால், எண்ணெயில் சுருள வதக்கிய பிறகே புளிக்குழம்பிலோ மோர்க்குழம்பிலோ போடுவார்கள். மிச்சப் பசையைப் புளிப்பு முறித்துவிடும். பேச்சில் பிடிகொடுக்காதவரை ‘வழவழா கொழகொழா’ என்று நாம் ஏசுவதும் இந்த அடுப்படிக் கோபத்தின் நீட்சியாகவே எனக்குப் படுகிறது. (வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று ஆசைகாட்டியதும் இதே அடுப்படிதான், என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அதற்கான தடயம் எதுவும் இல்லை.)

நைஜீரியாவில் கதை தலைகீழ். காயைப் பொடியாக அரிந்தோ துருவியோ, செம்பனை எண்ணெயும் உலர்ந்த மீனும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சுகிறவர்கள், இழுவை போதாதென்று தோன்றினால் காரத்தன்மையுள்ள ஒருவகைக் கல்லுப்பையும் கரைத்துவிடுவதுண்டு. நாம் புளியால் முறிப்பதை அவர்கள் உப்பால் வளர்க்கிறார்கள். கிழங்கை இடித்துச் செய்த களியை உருட்டி அதில் தோய்த்தால், அது வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்க வேண்டும்.

ஆங்கிலத்தின் ‘ஒக்ரா’ அங்குள்ள இக்போ மொழி தந்த சொல். அங்கோலாப் பகுதியின் பாண்டு மொழிகளில் வழங்கிய ‘கிங்கொம்போ’, அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களோடு கடல் கடந்து, அமெரிக்காவின் லூசியானாவில் ‘கம்போ’ என்று ஒரு குழம்புக்கே பெயரானது. நம் பக்கத்து வெண்டை, கன்னடப் பெண்டெ, இந்திப் பிண்டி, சிங்களப் பண்டக்கா ஆகியவற்றின் சாயல் வேறு. ஆப்பிரிக்கப் பெயர் எதுவும் இங்கே ஒட்டவில்லை.

சென்ற வாரம் நானே காயைத் துருவி, நைஜீரிய முறையில் காய்ச்சிப் பார்த்தேன். அம்மா கரண்டியைத் தூக்கி, நூல் அறுந்து விழும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, “கொஞ்சம் புளி கரைச்சு ஊத்தட்டுமா?” என்று கேட்டார்.