"மிஸ், சரியா?" என்று கேட்காத பிள்ளைகள் வேண்டும்

ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இயற்கணிதம் ஏன் வரமாட்டேன் என்கிறது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். பாடம் அதிகம், அடிப்படை சரியில்லை, செல்போன். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது ஒரு பழக்கம். கடைசி வரியை எழுதி முடித்த கையோடு நோட்டை நீட்டி, "மிஸ், சரியா?" என்று கேட்பது.

வரலாற்றுப் பாடத்தில் அப்படிக் கேட்கலாம். ஒரு போர் எந்த ஆண்டு நடந்தது என்பதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. இயற்கணிதத்தில் அந்தத் தேவையே இல்லை. வந்த விடையை எடுத்துக் கேள்வியிலேயே போட்டுப் பார்த்தால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளை யாரையும் கேட்காமல் தானே தீர்ப்புச் சொல்லக்கூடிய பாடம் இது. அதைப் பிள்ளைகளிடம் நாம் சொல்வதே இல்லை.

3(எக்ஸ் − 2) = 2எக்ஸ் + 5 என்று ஒரு கணக்கு. பலர் அடைப்புக்குள் இருக்கும் 2-ஐ 3-ஆல் பெருக்க மறந்து, 3எக்ஸ் − 2 = 2எக்ஸ் + 5 என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் எல்லாம் ஒழுங்காகவே போகும், எக்ஸ் = 7 என்று வரும். இப்போது 7-ஐக் கேள்வியில் போடுங்கள். இடது பக்கம் 15, வலது பக்கம் 19. தப்பு என்று தெரிந்துவிட்டது. அதே 7-ஐ இரண்டாவது வரியில் போடுங்கள். இரண்டு பக்கமும் 19. அதாவது இரண்டாவது வரியிலிருந்து கீழே எல்லாம் சரி, முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருக்கிறது. எந்த இடத்தில் சறுக்கியது என்பதுவரை அந்த 7 காட்டிக்கொடுக்கிறது. நான் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு இது கிடைக்குமா? தானே கண்டுபிடித்த பிள்ளை அடுத்த முறை அடைப்பைப் பார்த்ததும் நிதானிக்கிறது. (சரியான விடை 11. இரண்டு பக்கமும் 27 வரும், போட்டுப் பாருங்கள்.)

இன்னொன்று, எல்லா ஆசிரியர்களும் திரும்பத் திரும்பத் திருத்துவது: (எக்ஸ் + 3)² என்றால் எக்ஸ்² + 9 என்று எழுதுவது. முற்றொருமையை (எக்ஸுக்கு எந்த எண் போட்டாலும் பொருந்தும் சூத்திரத்தை) நூறு முறை இம்போசிஷன் எழுத வைப்பதைவிட, "எக்ஸுக்கு 2 போட்டுப் பார்" என்று சொல்லலாம். ஒரு பக்கம் 25, மறுபக்கம் 13. நடுவில் 12 காணோம். அந்தப் 12 எங்கே போனது என்று தேடும்போது 6எக்ஸ் தானாக வந்து நிற்கும். இதில் ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவைக்க வேண்டும். 0 போட்டால் இரண்டு பக்கமும் 9 வந்து ஏமாற்றிவிடும். ஒரு எண் பொருந்தவில்லை என்றால் நிச்சயம் தப்பு. ஒரு எண் பொருந்திவிட்டது என்பதற்காகச் சரி என்று ஆகிவிடாது. ஒரு கணித மாணவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஆழமான விஷயம் இது, ஒன்பதாவதிலேயே புரிகிறது.

இருபடிச் சமன்பாட்டிலும் இதே வழிதான். 2எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0-வுக்கு மூலங்கள் (அதாவது எக்ஸின் விடைகள்) 2, −3/2 என்று வந்தால், கூட்டினால் 1/2, பெருக்கினால் −3 வர வேண்டும்; எக்ஸுக்கு முன்னால் உள்ள −1-ஐக் குறி மாற்றி 2-ஆல் வகுத்தால் 1/2, கடைசி −6-ஐ 2-ஆல் வகுத்தால் −3. மூலங்களின் கூடுதல், பெருக்கல்பலன் என்று பத்தாவதில் தனிப் பகுதியாகப் படித்ததை, மூலம் கண்டுபிடிக்கும் கணக்கில் யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. மூன்று மாறிகள் உள்ள கணக்கு என்றால் மூன்று சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் பொருந்திவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது.

"இதற்கெல்லாம் நேரம் ஏது? பப்ளிக் எக்ஸாம் வருகிறது" என்பார்கள். 100 மதிப்பெண் தாளில் வரைபடம் 8, செய்முறை வடிவியல் 8, இத்தோடு ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இந்த 30-ஓடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் தேர்ச்சிக்கு வேண்டிய 35-ஐத் தொட்டுவிடலாம் என்றுதான் பல இடங்களில் பிள்ளைகளைத் தயார் செய்கிறார்கள். தேர்ச்சிகூடக் கடினமாக இருக்கும் பிள்ளைக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக வரக்கூடிய பிள்ளையையும் அதே தடத்தில் ஓட்டி, கைடில் இருக்கும் கணக்கை ஸ்டெப் மாறாமல் மனப்பாடம் செய்யவைப்பது அநியாயம். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இரண்டாவது பாடமே அடிப்படை இயற்கணிதம். அங்கே போய் விழிக்கும் பிள்ளையிடம், "பத்தாவதில் தொண்ணூறு வாங்கினாயே?" என்று கேட்டு என்ன பயன்?

படிக்கும் முறை பற்றியும் ஒன்று. எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்துப் புரிந்துவிட்டால் அந்தக் கணக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் போட்டால்தான் தெரியும். ஒரே பயிற்சியில் வரிசையாகப் பத்து கணக்கு போடும்போது எந்த முறை என்று யோசிக்க வேண்டியதே இல்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. பாடத்தின் முடிவில் இருக்கும் அலகுப் பயிற்சியில் எல்லா வகையும் கலந்து வரும். பலர் "அது கேட்கமாட்டார்கள்" என்று தாண்டிப்போவது அதைத்தான். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

சக ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை: வகுப்புத் தேர்விலாவது சரிபார்த்து எழுதிய அந்த ஒரு வரிக்குத் தனியாக அரை மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இருந்தால் செய்வார்கள், செய்யச் செய்யப் பழகிவிடும். பெற்றோரிடமும் கேட்கிறேன். "எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதுங்க" என்று ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் ஐந்தாவதோடு நின்றவராக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை நோட்டை மூடப்போகும்போது, "கேள்வியில போட்டுப் பாத்தியா கண்ணு? ரெண்டு பக்கமும் ஒண்ணா வருதா?" என்று கேளுங்கள். அதற்கு இயற்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.